கடாரத்து நெல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டாரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், குனோங் கெரியாங் என்னும் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நெல் அருங்காட்சியகம் இருக்கிறது. சோழர் வரலாற்றில் நாம் கடாரம் என்று படித்த பகுதி இதுதான் என்றாலும், இன்று படையெடுப்பை விட்டுவிட்டு நெல்லைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

அங்கே கூட்டம் சேரும் இடம் வட்டச்சுவர் ஓவியம். வட கொரிய ஓவியர்கள் தீட்டிய வயற்காட்சி சுற்றிலும் விரிந்திருக்க, நடுவிலுள்ள மேடை மெல்லச் சுழல்வதால், உட்கார்ந்த இடத்திலிருந்தே கெடாவின் வயல்வெளியைச் சுற்றிப் பார்த்துவிடலாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நெல் விளைந்த கதையை அந்த ஓவியத்தைக் காட்டிலும் பழைய கருவிகளே எனக்கு நன்றாகச் சொல்லின.

அவற்றுள் துவாய் என்பது உள்ளங்கையில் அடங்கும் சிறு கத்தி. மெல்லிய மரத்துண்டில் அலகைப் பதித்து, குறுக்கே ஒரு மூங்கில் குச்சியைக் கைப்பிடியாகச் செருகியிருப்பார்கள். நம் கதிர் அரிவாளைப்போல் ஒரு பிடித் தாளைச் சேர்த்து அறுப்பதற்கு இது உதவாது. அறுவடை செய்யும் பெண் ஒவ்வொரு கதிராக விரலால் இழுத்து அலகில் வைத்து அறுக்க வேண்டும். பெரிய அரிவாளைக் கண்டால் நெல்லின் உயிர் அஞ்சி ஓடிவிடும் என்று மலாய் உழவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை ஒருபுறம் இருக்க, ஒரே வயலில் கதிர்கள் முன்னும் பின்னுமாக முற்றிய அந்தப் பழைய ரகங்களில், முற்றியதை மட்டும் எடுப்பதற்கும் அடுத்த பருவத்துக்கு விதைநெல் தெரிந்தெடுப்பதற்கும் இதைவிடப் பொருத்தமான கருவி இருந்திருக்க முடியாது. ஆழச் சேற்றில் நாற்றை ஊன்றுவதற்கு ‘ஆட்டுக் குளம்பு’ என்னும் கவைக்கோல், தேங்கிய நீரில் புல்லை வெட்டிச் சாய்ப்பதற்குத் தாஜாக் என்னும் நீண்ட பிடியுள்ள கத்தி என மற்றவையும் சதுப்பு நிலத்துக்கென்றே உருவானவை.

அந்தச் சதுப்பு எப்படி வயலாயிற்று? மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த வான் முகமது சமான் 1885இல் தொடங்கிய கால்வாய், அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலைப்பக்கம் வரை முப்பது கிலோமீட்டருக்கும் மேல் ஏறத்தாழ நேர்கோடாக ஓடுகிறது. இரவில் தீவட்டிகளை வரிசையாக ஏற்றிவைத்து நேர் பார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. பிறகு மூடா, பெடு அணைகளின் நீர் 1970 முதல் பாய்ந்ததும், வானம் பார்த்த ஒருபோக நிலம் இருபோகமாயிற்று. சுமார் ஒரு லட்சம் ஹெக்டேரில் குறுகிய கால ரகங்கள் ஒருசேர முற்றத் தொடங்கிய பின் துவாய்க்கு வேலை இல்லை; அரிவாள் வந்தது, விரைவிலேயே அறுவடை இயந்திரமும் வந்தது.

தமிழ் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. 1950களில், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் திட்டப்படி, ஒடிசாவின் கட்டாக்கில், மலாயாவின் மாயாங் எபோஸ் நெல்லையும் தைவானின் தைச்சுங் 65 நெல்லையும் ஒட்டுச் சேர்த்தார்கள். அந்த வழிவந்த விதைகளிலிருந்து மலேசியாவில் தேர்ந்தெடுத்து 1965இல் வெளியிடப்பட்டதுதான் மசூரி. அது இந்தியாவுக்குத் திரும்பி வந்து ஆந்திர வயல்களில் பரவியது. அதே ஒட்டிலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்து 1986இல் வெளியிட்டது வெள்ளைப் பொன்னி. உயரமாக வளர்ந்து, கதிர் பிடித்த நேரத்தில் காற்றடித்தால் சாய்ந்துவிடும் பயிர் அது. உரத்தைக் கூட்டிப் போட்டாலும் அதே தொல்லைதான். ஆனாலும் அரிசியின் சன்னத்துக்காகவும், சந்தையில் கிடைக்கும் விலைக்காகவும் நம் உழவர்கள் சம்பாப் பருவத்தில் அதைக் கைவிடாமல் பயிரிட்டு வருகிறார்கள்.

நன்றி, வணக்கம்.