கடைக்கோடி வீட்டு வோல்டேஜ்

வணக்கம். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டுக்குள் தள்ளி வீடு இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீட்டில் மிக்ஸி பறக்கும். லைனின் கடைக்கோடி வீட்டில், சாயங்காலம் ஏழு மணிக்கு, அதே மிக்ஸி முனகிக்கொண்டே தேங்காயைச் சுற்றும். பேப்பரில் ரெண்டு வீட்டுக்கும் 230 வோல்ட்தான்.

உள்ளங்கை அகல எலக்ட்ரானிக் போர்டுக்குள்ளும் ஒரு கடைக்கோடி வீடு உண்டு. அங்கே குடியிருப்பவர் பிராசசர்.

போன சித்திரையில் ஒரு இன்ஜினியரிங் மாணவர் என் கடைக்கு வந்தார். தம்பி என்றே சொல்கிறேன். காபிப் பழத்தைக் கேமராவில் பார்த்து, பழுத்தது எது காய் எது என்று பிரிக்கிற கருவி செய்துகொண்டிருந்தார். சிப் கம்பெனிகளே ‘முதலில் இதில் ஓட்டிப் பாருங்கள்’ என்று ஒரு மாதிரி போர்டு விற்பார்கள், இவால்யுவேஷன் போர்டு என்று பேர். அதைப் பார்த்துத்தான் தம்பி தன் போர்டை வரைந்திருந்தார். அந்த பிராசசர் சிப்பின் டேட்டாஷீட்டில், அதாவது கம்பெனி தருகிற விவரத்தாளில், கோர் என்கிற கணக்குப் போடும் உள்பகுதிக்கு 1.2 வோல்ட், கூடக்குறைய 5 சதவீதம் என்று இருக்கிறது, அதாவது 1.14 முதல் 1.26 வரை. ஆனால் மாதிரி போர்டில், வோல்டேஜைச் சீராக்கித் தருகிற ரெகுலேட்டரின் வாயில் மீட்டரை வைத்தால் 1.24. “கம்பெனிக்காரனே தப்பு பண்ணிட்டான் சார்” என்று சிரித்தார். தன் போர்டில் ஒரு ரெசிஸ்டரை மாற்றி, அச்சுப் பிசகாமல் 1.20 வைத்துவிட்டார்.

சும்மா இருக்கும்போது போர்டு நன்றாக ஓடியது. கேமரா படத்தை அலச ஆரம்பித்ததும் உறைந்து நின்றது. ரெண்டு வாரம் புரோகிராமைக் குடைந்தும் ஒன்றும் சிக்கவில்லை.

நான் அந்த வேலை நடக்கிறபோதே அளந்தேன். ரெகுலேட்டர் வாயில் 1.20. பிராசசருக்கு அடியில் கடுகு மாதிரி ஒரு கெபாசிட்டர், அதன் ரெண்டு முனையிலும் ஊசியை வைத்தால் 1.13! போகிற செம்புத் தடத்திலும் திரும்பி வருகிற தடத்திலும் சேர்த்து 70 மில்லிவோல்ட் கரைந்திருக்கிறது. 230 வோல்ட் வீட்டில் அது தூசு. 1.2 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 சதவீதம். மாதிரி போர்டு செய்தவருக்கு இது தெரியும், வழியில் சிந்துவதை முன்கூட்டியே சேர்த்து ஊற்றியிருக்கிறார். வேலையில்லாமல் இருக்கும்போது சிப்புக்கு முழு 1.24-ம் போனாலும் 1.26-ஐத் தாண்டவில்லை பாருங்கள்.

ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டரின் அடாப்டரில் 5.1 வோல்ட் என்று போட்டிருப்பதும் இதே சங்கதிதான், வயரில் கொஞ்சம் போகும். சுமார் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி வரும். நிறையப் பேர் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இன்னொரு தடவை சொல்கிறேன், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் விட்டிருப்பீர்கள். டேட்டாஷீட் சொல்லும் வோல்டேஜ் சிப்பின் காலில் இருக்க வேண்டியது. அங்கே அளந்து பாருங்கள், லோடு இருக்கும்போது, அதாவது சிப் வேலை செய்துகொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள்.

எல்லா போர்டுக்காரரையும் நான் தாங்கிப் பேசவில்லை. மாணவர்கள் பழகுகிற ஆர்டுயினோ உனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்று டேட்டாஷீட் சொல்கிற கணக்கு, 2.7 வோல்ட்டில் 10 மெகாஹெர்ட்ஸ், 4.5-க்கு மேல் 20. இடைப்பட்ட 3.3-க்கு 13 சொச்சம்தான் வரும். அதையே 3.3 வோல்ட்டில் 16-ல் ஓட்டுகிற மலிவு போர்டுகள் உண்டு. ஓடும், என் மேஜையிலும் ஓடியது. சேலத்து மே மாத மதியத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஓடுமா என்று என்னைக் கேட்காதீர்கள். அதே டேட்டாஷீட்டில் 6 வோல்ட் என்றும் ஓரிடத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் சிப் கெட்டுப்போகலாம் என்கிற கடைசி எல்லை அது. வேலை வாங்க 5.5 வரைதான்.

அப்புறம், பல வோல்டேஜ் உள்ள போர்டில் எது முதலில் வர வேண்டும், 3.3-ஆ 1.2-ஆ என்பதைத்தான் விரிவாகப் பேச வந்தேன்... ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆச்சு என்று கை காட்டுகிறார்கள். சரி, டேட்டாஷீட்டில் பவர் சீக்வென்சிங் என்று ஒரு பகுதி இருக்கும், போர்டு வரையும் முன்னால் அதைப் படித்துவிடுங்கள். தம்பி பழைய ரெசிஸ்டரையே திரும்பப் போட்டார், கருவி இப்போது பழம் பிரிக்கிறது. வணக்கம்.