காணாது ஈத்த பரிசு

(தருமபுரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

டிவி பாட்டுப் போட்டிகளின் ஆடிஷன், அதாவது குரல் தேர்வுச் சுற்று, இதுதான் இன்றைய பேச்சு என்று கேட்டதுமே முன்வரிசையில் ஒரு பெரியவர், "இந்த வருஷம் டைட்டில் யாருக்குங்க?" என்றார். ஃபைனல் எனக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை ஐயா. அங்கே பத்திருபது வாத்தியம் சேர்ந்து வாசிக்கும். பாடுகிறவர் கொஞ்சம் பிசகினாலும் கோரஸ் தூக்கி நிறுத்திவிடும். நான் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்வது ஆடிஷன் சுற்றுக்குத்தான். பெரும்பாலும் வாத்தியமே இருக்காது, குரல் பச்சையாகக் கேட்கும்.

ஜீ டிவியில் 1995-லேயே 'ச ரி க ம' வந்துவிட்டது. ஆனால் ஆடிஷனைப் பெரிய விருந்தாக்கிப் பரிமாறியவர்கள் ஐடல்காரர்கள். 2001-ல் பிரிட்டனில் பாப் ஐடல், 2002-ல் அமெரிக்கன் ஐடல், 2004-ல் இந்தியன் ஐடல். 2006-ல் நம் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர். வரலாறு இவ்வளவு போதும், பாட்டுக்கு வருவோம்.

ஒரு பையன் வந்து நிற்கிறான். வழக்கமாக ஒரு கட்டையில் பாடுகிறவன். கட்டை என்பது சுருதி எவ்வளவு உயரம் என்கிற அளவு. காதில் சுருதி இல்லை, எதிரே மூன்று பிரபலங்கள், நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பதற்றத்தில் குரல் தானாக ஏறும். இரண்டு கட்டையில் எடுத்துவிடுகிறான். பல்லவி கணீரென்று இருக்கிறது. வீட்டில் நாம் "ஆகா" என்கிறோம். அந்த நேரத்தில் நடுவர் முகத்தைப் பாருங்கள், புருவம் லேசாகச் சுருங்கியிருக்கும். சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகிற இடம் ஒன்று இருக்கிறது, இவன் அங்கே மாட்டப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். மாட்டுகிறான். கழுத்து நரம்பு புடைக்கிறது, குரல் கீச்சென்று உடைகிறது. "தேங்க்யூ தம்பி." வெளியே வந்து அம்மா தோளில் சாய்ந்து அழுகிறான். அவனுக்குப் பாட வரும். எடுத்த எடுப்பு மேலே போய்விட்டது, அவ்வளவுதான். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிற பெண் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். டிவியோ அவன் அழுகையை மூன்று கோணத்தில் காட்டும், கட்டை ஏறிய சங்கதியைச் சொல்லாது.

இன்னொன்று. சிலர் வாயைத் திறந்தாலே அபஸ்வரம். இவர்கள் எப்படி நடுவர் வரைக்கும் வந்தார்கள்? வழி தவறியெல்லாம் வரவில்லை. ஐடல் போன்ற பெரிய நிகழ்ச்சிகளில் பிரபல நடுவர் முன்னால் நிற்பதற்குள், தயாரிப்புக் குழுவினர் வடிகட்டுகிற சுற்றுகளைத் தாண்டியாக வேண்டும். அதில் நல்ல குரலும் தேறும், சிரிப்பு மூட்டுகிற குரலும் தேறும். கிருஷ்ணகிரிக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நல்ல மாங்காயையும் அழுகலையும் மேலே அடுக்கி, நடுவாந்திரத்தைத் திருப்பி அனுப்புகிற மண்டி எங்கேயாவது உண்டா? 2004-ல் அமெரிக்கன் ஐடலில் வில்லியம் ஹங் என்ற பொறியியல் மாணவரைக் காட்டினார்கள். பாட்டும் சரியில்லை, ஆட்டமும் சரியில்லை. நடுவர்கள் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன், வருத்தம் எதுவும் இல்லை என்றார். அந்த வருஷமே அவர் பெயரில் ஆல்பம் வந்தது! சிரித்தவர்களே காசு கொடுத்து வாங்கினார்கள்.

2009-ல் பிரிட்டனில் ஒரு டிவி திறமைப் போட்டியில் சூசன் பாயில் என்ற பெண்மணி மேடையேறியபோது அவருக்கு வயது 47. பாடுவதற்கு முன்னால் அரங்கம் நமட்டுச் சிரிப்பு சிரித்தது. பாடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நின்று கைதட்டியது. இதைச் சிலாகித்துப் பேசாதவர்கள் இல்லை. எனக்கு அந்த நமட்டுச் சிரிப்புதான் உறுத்துகிறது. கண் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டது, காது வந்து திருத்த வேண்டியதாயிற்று.

இந்தக் கோளாறுக்கு நெதர்லாந்தில் 2010-ல் ஒரு வழி செய்தார்கள். நடுவர்கள் முதுகைக் காட்டி உட்கார்வார்கள், குரல் பிடித்தால் நாற்காலியைத் திருப்புவார்கள். உலகமே புதுமை என்றது. நம் பென்னாகரம் பக்கம் இரவெல்லாம் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதில் என்ன புதுமை? ஆர்மோனியம் சுருதி கொடுக்கும், முகவீணை என்கிற சின்னக் குழல் இழுக்கும், இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் எடுப்பான். கிரீடம் தெரியாது, தோளில் கட்டுகிற புஜக்கட்டை தெரியாது. கடைசி வரிசையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிற கிழவி குரலை வைத்தே வேஷக்காரன் இன்னான் என்று சொல்லிவிடுவாள். திரை விலகுவது அப்புறம்தான்.

டிவி ஆடிஷனில் இது தலைகீழ். முதலில் அப்பாவின் ஆட்டோ, ஓட்டு வீடு, அம்மாவின் கண்ணீர், பின்னணியில் வயலின். நம் பக்கத்துப் பிள்ளை என்றால் "பின்தங்கிய மாவட்டத்திலிருந்து" என்கிற முத்திரை வேறு. எல்லாம் முடிந்து பாட்டுக்கு மிஞ்சுவது நாலு வரி. அதற்குள் நாமும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்போம், சுருதி எங்கே காதில் விழும்?

அதியமான்கோட்டை இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த அதியமானைப் பார்க்கக் குன்றும் மலையும் கடந்து ஒரு புலவர் வந்தார், பெருஞ்சித்திரனார். அரசன் அவரை நேரில் பார்க்கவில்லை, இதைக் கொண்டுபோகட்டும் என்று பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்கவில்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்றார். என்னைப் பார்க்காமலே கொடுத்த இந்தப் பொருளை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை என்று அர்த்தம். புறநானூற்றில் 208-ஆம் பாட்டு. என் அளவை அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார். வந்தது பசியோடுதான், ஆனால் தன் புலமையை நிறுத்துப் பார்க்காமல் கொடுத்தது அவருக்கு அவமானமாகப் பட்டது.

அழுகைக்காகக் கிடைக்கிற "செலக்டட்" அப்படிக் காணாது ஈத்த பொருள்தான். குடும்பக் கஷ்டத்தைக் காட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை, காட்டட்டும், பாட்டுக்கு அப்புறம் காட்டட்டும். "சரணத்தில் சுருதி விலகுதும்மா, அரைக்கட்டை இறக்கி எடு" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற நடுவர் இருக்கிறாரே, அவர் கொடுப்பதுதான் அந்தத் தினையளவு. 2018-ல் சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கிய செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டுக்காரர். மேடை மேடையாகப் பாடிப் பழுத்த தொண்டை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அது ஜெயிக்கிற குரல்தான்.

பேச்சு போதும். பாட வந்திருக்கிற பிள்ளைகள் இடப்பக்கமாக வாருங்கள். மைக்செட் தம்பி, அந்த எக்கோவைச் சுத்தமாக நிறுத்து. சுருதிப்பெட்டியை மேஜைமேல் வை. மேடையில் இருக்கிற நீலத் திரையை இழுத்துவிடுங்கள், பாடுகிறவர்கள் அதற்குப் பின்னால் நின்று பாடட்டும். பேர், ஊர், அப்பா என்ன செய்கிறார், எதுவும் இப்போது வேண்டாம். ஒரு பல்லவி, ஒரு சரணம். அம்மாமார்களே, திரையை விலக்கி எட்டிப் பார்க்கக் கூடாது. முதல் பிள்ளை தயாரா? கட்டையைச் சொல்லும்மா.