கண்காணிப்பவரை நீக்கும் அதிகாரம் யாரிடம்? – அணுமின் நிலையப் பாதுகாப்பு பற்றிய நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானின் புக்குஷிமா அணுமின் நிலைய விபத்தைப் பற்றி முன்பு பேசியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு, கேப் டவுன் நகரின் ரைலண்ட்ஸ் பகுதியில் வசிக்கும் ஓர் அம்மையார் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். படித்த நாள் முதல் அது என்னை விடவில்லை. "ஐயா, விபத்துக்குப் பிறகு ஜப்பானிய அரசு புதிய ஆணையம் ஒன்றை அமைத்தது என்றீர்கள். பெயர்ப்பலகை மட்டும் மாறியதா, வேறு ஏதாவது மாறியதா? என் மகள் குடும்பம் டேபிள் வியூவில் வீடு வாங்கியிருக்கிறது. கூபெர்க் அணுமின் நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டில் அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்பது அவர் கேள்வி.

முதல் பாதியை எடுத்துக்கொள்கிறேன். 2011 மார்ச் 11 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தையடுத்து வந்த சுனாமி, புக்குஷிமா டாய்ச்சி நிலையத்தின் டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததும், குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியதும் உங்களுக்குத் தெரியும். நான் பேச விரும்புவது அந்த அலைக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி. 5.7 மீட்டர் உயர அலையைத்தான் நிலையம் தாங்கும் என்ற கணக்கில் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. 15 மீட்டருக்கும் அதிக உயரத்தில் அலை வரக்கூடும் என்று நிலையத்தை நடத்திய டெப்கோ மின்நிறுவனத்தின் உள்மதிப்பீடே 2008இல் சொல்லியது. அந்த மதிப்பீடு அரசின் கண்காணிப்பு முகமையிடம் விளக்கப்பட்ட நாள் 2011 மார்ச் 7. விபத்துக்கு நான்கு நாள் முன்பு. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த முகமை ஏன் நெருக்கிக் கேட்கவில்லை என்பதில்தான் அம்மையாரின் கேள்விக்கான விடை இருக்கிறது.

அந்த முகமை, பொருளாதார, வணிக, தொழில் அமைச்சகத்தின் கீழ் இயங்கியது. நாட்டில் அணுமின் உற்பத்தியை வளர்க்கும் பொறுப்பும் அதே அமைச்சகத்திடம்தான் இருந்தது. இன்று உலையின் குறையைச் சுட்டிக்காட்டும் அதிகாரி, நாளை உலைகளைப் பெருக்கும் பிரிவுக்கு மாற்றப்படலாம். ஓய்வுபெற்ற பின் மின்நிறுவனத்தில் பதவி பெறவும் வழி இருந்தது. இதன் விளைவுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். டெப்கோவின் உலைகளில் ஆய்வுப் பதிவுகள் திருத்தப்பட்டதாக, அங்கே பணிபுரிந்த ஒரு பொறியாளர் 2000இல் அரசுக்கு எழுதினார். அரசுத் தரப்பு அவருடைய பெயரை அந்த நிறுவனத்துக்கே தெரிவித்துவிட்டது. விவகாரம் வெளியே வர 2002 ஆயிற்று. புகார் சொன்னவரைக் காப்பாற்ற வேண்டியவர்கள், புகாருக்கு உள்ளானவருடன் ஒரே கூரையின் கீழ் பழகியவர்கள் என்பதால்தான் இது நடந்தது. நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, குரோகாவா தலைமையில், 2012இல் தன் அறிக்கையை அளித்தபோது, இது மனிதர்களால் விளைந்த பேரழிவு என்றும், அரசும் கண்காணிப்பாளர்களும் டெப்கோவும் கைகோத்திருந்ததே அதன் வேர் என்றும் எழுதியது. இயற்கையின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்க வாய்ப்பிருந்தும் அப்படிச் செய்யாத அந்தக் குழுவை நான் மிகவும் மதிக்கிறேன்.

தொடர்ந்து கேட்டுவருபவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது நினைவிருக்கும்: கண்காணிப்பவர் எவ்வளவு படித்தவர் என்று கேட்பதற்கு முன், அவரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். என் தந்தையார் நேட்டால் வடகடற்கரையில் ஒரு சர்க்கரை ஆலையின் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவர். கொதிகலனைச் சோதிக்க வெளியிலிருந்து வரும் அதிகாரியைப் பற்றி அவர் பேசும்போது குரலில் தனி மரியாதை இருக்கும். அரைவைப் பருவத்தின் நடுவில், கரும்பு ஏற்றிய வண்டிகள் வாசலில் காத்து நின்றாலும், அந்த அதிகாரி கையெழுத்திடாமல் அடுப்பு மூட்ட முடியாது. மேலாளர் கோபித்துக்கொண்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அவருடைய சம்பளம் ஆலையின் பெட்டியிலிருந்து வரவில்லை. அணு உலைக்கும் வேண்டியது இதே ஏற்பாடுதான், இன்னும் பன்மடங்கு உறுதியாக.

ஜப்பான் அதைத்தான் செய்ய முயன்றது. 2012 செப்டம்பரில் பழைய முகமையைக் கலைத்து, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வெளியமைப்பாக அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தை நிறுவியது. ஐந்து உறுப்பினர்களையும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடுதான் நியமிக்க வேண்டும். அங்கே பணிக்குச் சென்றவர்கள் அணுமின்சாரத்தை வளர்க்கும் துறைகளுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்ற விதியும் வந்தது. என் பார்வையில், 2013இல் வந்த புதிய பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் விட இந்த ஒரு விதிக்கு மதிப்பு அதிகம். பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. உலைக் கட்டடத்தின் அடியில் உயிர்ப்புள்ள நிலப்பிளவு இருக்கும் சாத்தியத்தை மறுக்க முடியவில்லை என்று சொல்லி, சுருகா இரண்டாவது உலையை மீண்டும் இயக்க 2024 நவம்பரில் ஆணையம் அனுமதி மறுத்தது. புதிய விதிகளின் கீழ் மறுக்கப்பட்ட முதல் உலை அது. அந்த உலையை நடத்தும் நிறுவனம் கொடுத்த துளையிடல் ஆய்வுத் தரவுகள் மாற்றி எழுதப்பட்டிருந்ததும் இடையில் வெளிப்பட்டது.

ஆனால் பின்னோக்கி இழுக்கும் விசை ஓயவில்லை. 2023இல், 40 ஆண்டுகளைக் கடந்த உலைகள் எத்தனை காலம் இயங்கலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சட்டத்திருத்தம் மீண்டும் தொழில் அமைச்சகத்திடமே கொடுத்தது. பழைய உலைகளைச் சோதிக்கும் கடமை மட்டும் ஆணையத்திடம் தங்கியது. அதற்கான விதிகளை ஆணையம் வாக்கெடுப்புக்கு விட்டபோது ஓர் உறுப்பினர் எதிர்த்தார்; நான்குக்கு ஒன்று என்று நிறைவேறியது. ஆகவே, பலகை மட்டும் மாறவில்லை, உள்ளேயும் மாறியது. மாறியதைக் காப்பாற்றும் வேலைதான் முடியவில்லை.

அமெரிக்காவைத் தொடாமல் போக முடியாது. அங்கே வளர்ப்பவரையும் கண்காணிப்பவரையும் 1974ஆம் ஆண்டுச் சட்டமே பிரித்துவிட்டது. இருந்தும் 1979 மார்ச் 28 அன்று திரீ மைல் தீவில் ஓர் உலை பாதி உருகியது. திறந்தபடியே சிக்கிக்கொண்ட ஒரு வால்வு மூடிவிட்டதாக இயக்குபவர்கள் நம்பினார்கள்; காரணம், கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கு, மூடும்படி கட்டளை போனதைக் காட்டியதே தவிர வால்வின் நிலையைக் காட்டவில்லை. இதே வகைத் தடுமாற்றம் 1977இல் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் நடந்து, சேதமில்லாமல் முடிந்திருந்தது. அந்தச் செய்தி உரிய எச்சரிக்கையாக மற்ற நிலையங்களைச் சென்றடையவில்லை. பிரிப்பது முதல் படி மட்டுமே என்பதை இதிலிருந்து அறிகிறோம். இந்த விபத்தை ஆராய அதிபர் அமைத்த கெமனி குழுவின் விசாரணைக்குப் பின் ஒவ்வொரு நிலையத்திலும் அரசின் ஆய்வாளர்கள் நிரந்தரமாக அமர்த்தப்பட்டார்கள். அவர்களும் ஒரே இடத்தில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. பழக்கம் நட்பாகி, நட்பு கண்ணை மறைத்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

இனி நம் வீட்டு வாசலுக்கு, தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். கேப் டவுனுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் கூபெர்க் இருக்கிறது. அரசு மின்நிறுவனமான எஸ்கோமுக்குச் சொந்தமான இரண்டு உலைகள், 1984, 1985 ஆண்டுகளில் மின்சாரம் தரத் தொடங்கியவை. அவற்றைக் கண்காணிப்பது, 1999ஆம் ஆண்டின் 47ஆம் எண் சட்டத்தின்படி அமைந்த தேசிய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். புக்குஷிமாவுக்குப் பிறகு, நிலநடுக்கம், கடல்சீற்றம் போன்றவற்றைத் தாங்கும் திறனை மறுமதிப்பீடு செய்யும்படி அது எஸ்கோமுக்கு உத்தரவிட்டது. முதல் உலையின் 40 ஆண்டுக் காலம் 2024 ஜூலையில் முடிந்தபோது, இன்னும் 20 ஆண்டுகள் இயக்க அனுமதி அளித்ததும் அதுவே.

அங்கே இருக்கும் பொறியாளர்களின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. என் கவலை வேறு. ஆணையத்தின் இயக்குநர் வாரியத்தை நியமிப்பவர் எரிசக்திக்குப் பொறுப்பான அமைச்சர்; தலைமை நிர்வாகியை நியமிப்பவரும் அவரே. வாரியத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டுமானாலும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். நாட்டில் அணுமின்சாரத்தை வளர்க்கும் கொள்கையை வகுப்பவரும் அவர்தான். ஜப்பான் 2012இல் எந்த முடிச்சை அவிழ்த்ததோ, அதே முடிச்சு இங்கே இருக்கிறது. இது வெறும் ஊகம் அன்று. பாதிக்கப்படக்கூடிய மக்களின் பிரதிநிதியாக வாரியத்தில் இருந்த பீட்டர் பெக்கரை, அப்போதைய அமைச்சர் க்வேடே மன்டாஷே 2022இல் நீக்கினார். அந்த நீக்கம் சட்டத்துக்குப் புறம்பானது என்று மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் காப்பாற்றியது, மகிழ்ச்சி. ஆனால் உலையின் ஆயுளை நீட்டிப்பது பற்றிய விவாதம் சூடாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் மக்களின் நாற்காலி காலியாக இருந்தது என்பதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அம்மையாருக்கு ஒரு தகவல். டேபிள் வியூ, கூபெர்க்கைச் சுற்றியுள்ள 16 கிலோமீட்டர் அவசரத் திட்ட வட்டத்தை ஒட்டிய பகுதி. உங்கள் மகளின் வீடு அந்த வட்டத்துக்குள் வருகிறதா, அபாயச் சங்கு ஒலித்தால் எந்தச் சாலையில் போக வேண்டும் என்பதையெல்லாம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அதே 1999ஆம் ஆண்டுச் சட்டம், நிலையத்தைச் சுற்றி வாழும் மக்களுக்காகப் பாதுகாப்புத் தகவல் மன்றம் ஒன்றை எஸ்கோம் நடத்த வேண்டும் என்று சொல்கிறது. அந்தக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போகலாம், கேள்வி கேட்கலாம், பதிலைக் குறிப்பில் ஏற்றச் சொல்லலாம். மகளும் மருமகனும் போகும்போது, ஆணையத்தின் வாரியத்தில் மக்கள் பிரதிநிதியாக இப்போது இருப்பவர் யார், அவரை நீங்கள் நேரில் சந்திக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கும் பதிலை எனக்கு எழுதினால், வரும் நிகழ்ச்சியில் மற்ற நேயர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன்.