காத்து மானிட்டர் வாங்கியாச்சு, செட்டிங்ஸ் மாத்தினீங்களா?

வணக்கம் மக்களே, கையில இருக்கே இதுதான் காத்து மானிட்டர், உள்ளங்கை சைஸ், பிஎம் 2.5ங்கிற கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசி, கார்பன் டை ஆக்சைடு, டெம்பரேச்சர், ஹியூமிடிட்டி நாலும் காட்டும். பாக்ஸ்ல இருந்து எடுத்து ஆன் பண்ணி அப்படியே நம்பிடாதீங்க, நான் நம்பி மூணு வாரம் ஏமாந்தேன், அந்தக் கூத்து பின்னாடி வருது.

(ஸ்க்ரீன் க்ளோஸப்)

பாருங்க, பிஎம் 2.5 இப்ப ஒரு கன மீட்டர் காத்துக்கு 60 மைக்ரோகிராம், கீழ ஏக்யூஐ, அதாவது காத்து எவ்வளவு மோசம்னு சொல்ற மார்க், 154, சிவப்பு. எங்கம்மா பாத்தா ஜன்னலெல்லாம் சாத்திடுவாங்க. மெனுவுக்குள்ள ஸ்டாண்டர்டுன்னு இருக்கா, அதுல யுஎஸ்ஸ எடுத்துட்டு இந்தியா போடுறேன்... 100, பச்சை! அதே ரூம் அதே காத்துங்க. அமெரிக்காக்காரன் 2024ல ஏக்யூஐ டேபிள இன்னும் டைட் பண்ணிட்டான், 9 மைக்ரோகிராம் தாண்டினாலே அங்க ‘நல்லது’ கிடையாது, நம்ம ஊர்ல 30 வரைக்கும் நல்லது, 60 வரைக்கும் ‘திருப்திகரம்’. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 24 மணி நேர சராசரி 15. அதனால நான் ஏக்யூஐய தூக்கிட்டு மைக்ரோகிராம மட்டும் மெயின் ஸ்க்ரீன்ல வெச்சிருக்கேன். அதுவும் இல்லாம ஏக்யூஐ டேபிள் 24 மணி நேர சராசரிக்கு போட்டது, கடுகு தாளிக்கிற ரெண்டு நிமிஷத்துக்கு இல்ல. போகி காலைல சென்னைல எந்த ஸ்டாண்டர்ட் வெச்சாலும் சிவப்புதான், அது வேற கதை.

அடுத்து கார்பன் டை ஆக்சைடு, இங்கதான் நான் மாட்டினேன். ஆட்டோ கேலிப்ரேஷன்னு ஒண்ணு இருக்கும், மெஷின் தன் அளவ தானே சரி பண்ணிக்கிறது, ஒரு வாரத்துல பாத்ததுலயே கம்மியான அளவு எதுவோ அதான் வெளிக்காத்து, அதாவது 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 400 பங்கு)ன்னு அதுவா முடிவு பண்ணிக்கும். நான் வெச்சது எப்பவும் சாத்தியே கிடக்கிற ஏசி பெட்ரூம்ல. அது ரூம் காத்தையே வெளிக்காத்துன்னு நம்பிடுச்சு, நானும் ஆஹா நம்ம ரூம் சூப்பர்னு இருந்தேன், ஒருநாள் மொட்டை மாடிக்கு கொண்டு போனா 310ன்னு காட்டுது! இன்னைக்கு வெளிக்காத்துலயே 420க்கு மேல இருக்கு, 310க்கு எங்கங்க போறது?

ஆட்டோவ ஆஃப் பண்ணிடுங்க. காத்து அடிக்கிற நேரமா பாத்து மாடியில நிழல்ல வெச்சு 20 நிமிஷம் விட்டுட்டு, மேனுவல் கேலிப்ரேஷன்ல 420 போட்டு ஓகே அமுக்குங்க, அமுக்கின உடனே தள்ளி வந்துடுங்க, குனிஞ்சு மூஞ்சிய வெச்சு பாத்துட்டே நிக்காதீங்க. நம்ம விடுற மூச்சுல சுமார் 40,000 பிபிஎம் இருக்கு, மொத்தமும் கெட்டுடும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ அளக்கணும்ங்கிற இன்டர்வெல் சும்மா 10 நிமிஷம் போதும், சமைக்கும்போது மட்டும் 1 நிமிஷம் வைங்க, எப்பவும் 1 நிமிஷம்னா தூசிய அளக்கிற ஃபேனும் லேசரும் ஓடிட்டே இருந்து பேட்டரிய குடிச்சிடும். கார்பன் டை ஆக்சைடு அலாரம் நான் 1000 பிபிஎம்ல வெச்சிருக்கேன். தூசி அலாரம் நைட்ல வேணாம், கொசுவத்தி ஏத்தினதும் கத்த ஆரம்பிச்சிடும். மூடுபனி அன்னைக்கும் தூசி நம்பர நம்பாதீங்க, நீர்த்துளியையும் தூசின்னு எண்ணிடும்.

கடைசியா டெம்பரேச்சர் ஆஃப்செட். சார்ஜ்ல போட்டா மெஷினே சூடாகி ஏத்திக் காட்டும், அதனால கேபிள கழட்டிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, பக்கத்துல சாதா தெர்மாமீட்டர் வெச்சு பாத்து, எவ்வளவு கூட காட்டுதோ அத மைனஸ்ல போட்டு சேவ் குடுங்க.