கிழங்கு மேடும் உறைபனியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாப்புவா நியூ கினி என்றதும் நம்மில் பலருக்கு இறகுக் கிரீடமும் சாயம் பூசிய முகமும்தான் நினைவுக்கு வரும். அது திருவிழாக் கோலம். நாம் பொங்கலன்று பட்டு வேட்டி கட்டுவது மாதிரி. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல, சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றி. சிரிக்காதீர்கள். அந்த நாட்டு மலைக் கிராமம் ஒன்றைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் அங்கே மவுண்ட் ஹேகன் நகரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அப்போது இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே வேலைக்குப் போவதுண்டு. என் வகுப்பில் எங்கா மாகாணத்துக் கண்டெப் பகுதிப் பையன் ஒருவன் இருந்தான். "தீசா, எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று ஓயாமல் கேட்பான். தீசா என்றால் டீச்சர். அவர்களுடைய டோக் பிசின் மொழியில் அம்மாவுக்கு 'மாமா' என்று பெயர். அது பழகவே எனக்குச் சில மாதம் ஆனது.

ஒரு விடுமுறையில் போனேன். கண்டெப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியை விடக் கொஞ்சம் அதிகம். மாகாணத் தலைநகர் வாபாக் வரை வண்டி வந்தது. அதற்கு மேல் மழை பெய்தால் சாலை சேறு, வெயில் அடித்தால் புழுதி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து இந்த மலைப்பகுதிக்குச் சாலையே கிடையாது. விமானத்தில்தான் வர வேண்டும்.

ஊர் என்றால் நம் ஊர் மாதிரி தெருவும் கோயிலும் கிடையாது. வீடுகள் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். ஆண்கள் தூங்கும் வீடு தனி, பெண்களும் பிள்ளைகளும் தூங்கும் வீடு தனி. பெண்கள் வீட்டிலேயே ஒரு பக்கம் பன்றிகளுக்கும் இடம். கூரை தாழ்வு, புகைபோக்கி இல்லை. நடுவில் விறகு எரிந்துகொண்டே இருக்கும். முதல் ராத்திரி கண் எரிச்சலில் வெளியே ஓடினேன். வெளியே இருந்த குளிரில் ஐந்தே நிமிடத்தில் உள்ளே திரும்பிவிட்டேன். அந்தப் புகையிலேயே வளரும் குழந்தைகளுக்கு நுரையீரல் நோய் அதிகம். அதைத் தெரிந்துகொண்டும் யாரும் நெருப்பை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் விடியும்வரை தாங்க முடியாது.

காலையில் பார்த்தால் தோட்டம் முழுக்க மண்மேடுகள். மூன்று நான்கு மீட்டர் அகலம், கிட்டத்தட்ட இடுப்பளவு உயரம், வட்ட வட்டமாக. முந்தின அறுவடையின் கொடியையும் புல்லையும் குவித்து, மேலே மண்ணை மூடி, அதில் கிழங்குக் கொடி நடுகிறார்கள். உள்ளே மட்கும் தழை எருவாகிறது, மண்ணையும் கதகதப்பாக வைத்திருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, தாழ்வான இடம் தேடி இறங்கும். அதனால் லேசான உறைபனி விழுந்தால் மேட்டின் அடிவாரத்துக் கொடி கருகும், உச்சியில் இருப்பது பெரும்பாலும் தப்பிக்கும். எந்த வேளாண் கல்லூரியும் சொல்லிக் கொடுத்தது அல்ல இது.

அந்தப் பையனின் அம்மா மேட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் கிழங்கு எடுத்தார். பெரியதை மட்டும் பறித்துவிட்டுச் சின்னதை அப்படியே வளர விடுகிறார். அந்த உயரத்தில் கிழங்கு முற்ற எட்டு, பத்து மாதம்கூட ஆகும். அவசரப்பட்டால் அடுத்த மாதம் பட்டினி. பறித்ததில் ஏறத்தாழ பாதி பன்றிக்குப் போனது. எனக்கு அது வீணாகத் தெரிந்தது. பன்றிதான் அங்கே பெண்ணுக்குப் பரிசம், சண்டைக்கு நஷ்ட ஈடு, உறவுக்குச் சீர். நாம் வங்கியில் போடுவதை அவர்கள் பன்றியில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கிழங்கு அங்கே பிறந்ததுமல்ல. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது, இந்த மலைகளுக்கு வந்து முந்நூறு நானூறு ஆண்டுகள் இருக்கலாம். அதற்கு முன் முக்கிய உணவு சேம்பு. சேம்பு இவ்வளவு உயரத்தில் சரியாக விளையாது. கௌகௌ, அதாவது சர்க்கரைவள்ளி வந்த பிறகுதான் மக்கள் இவ்வளவு மேலே ஏறி நிலையாகத் தங்க முடிந்தது.

ஆனால் இதையே மூன்று வேளையும் சாப்பிட்டால் புரதம் போதாது. அதன் விளைவு ஒரு கொடிய நோய், 'பிக்பெல்'. விருந்தில் பன்றிக் கறி தின்ற சில நாளில் குழந்தைக்கு வயிற்று வலி வரும், குடல் அழுகும். கறியில் வளரும் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. புரதம் குறைந்த உடலில் அந்த நஞ்சைச் சிதைக்கும் செரிமான நொதி போதுமான அளவு இருக்காது. இருக்கிற கொஞ்சத்தையும் கிழங்கிலுள்ள ஒரு பொருள் தடுத்துவிடுகிறது. ஒரு காலத்தில் மேட்டுநிலக் குழந்தைகளின் சாவுக்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று. 1980 வாக்கில் தடுப்பூசி வந்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது. சாப்பாட்டை மாற்றச் சொல்லி அறிவுரை சொல்வது சுலபம். மாற்றுச் சாப்பாட்டை அந்த மலைக்குக் கொண்டு வருவது யார்?

சரி, உறைபனிக்கு வருகிறேன். லேசான பனியை மேடு சமாளிக்கும். பசிபிக் கடல் சூடேறி அங்கே மழை பொய்க்கும் எல் நினோ ஆண்டுகளில் மேகமே இல்லாமல் வானம் வெறித்துக் கிடக்கும். அப்போது விழும் பனி ஒரே ராத்திரியில் பள்ளத்தாக்கு முழுவதையும் கருக்கிவிடும். அதற்கும் எங்கா மக்களிடம் வழி இருந்தது. எரிக் வாடெல் என்ற புவியியலாளர் இதை விளக்கியிருக்கிறார். முதல் காப்பு மேடு. இரண்டாவது, வேறு உயரத்தில், நடந்து போகும் தூரத்தில் இன்னொரு தோட்டம். மூன்றாவது, எல்லாம் போய்விட்டால் குடும்பத்தோடும் பன்றிகளோடும் கீழ்ப் பள்ளத்தாக்கு உறவுகளிடம் நடந்து போய்விடுவது. அம்மா வழிச் சொந்தத்துக்கு 'கண்டெரே' என்று பெயர். மாதக்கணக்கில் அவர்கள் வீட்டில் தங்கலாம்.

1972இல் பெரிய உறைபனி வந்தபோது ஆட்சியில் இருந்த ஆஸ்திரேலிய நிர்வாகம் பஞ்சம் வந்துவிடும் என்று பயந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு வழங்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அரிசி மேலே வந்தால் கீழே நடந்து போவானேன்? பலர் கருகிய தோட்டத்துப் பக்கத்திலேயே காத்திருந்தார்கள். உதவியை நான் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

1997இல் அதே கதையை நானே பார்த்தேன். வறட்சியும் பனியும் சேர்ந்து வந்தன. என் வகுப்பில் இடங்கள் காலியாகின. ஒரு நாள் அந்தப் பையனின் பெற்றோர், தங்கைகள், இரண்டு பன்றிகள் எல்லாம் ஹேகனுக்கு வந்துவிட்டார்கள். தாய்மாமன் வீட்டில் பதினான்கு பேர். "எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். மாமன் என்னை வினோதமாகப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது.

அந்த மூன்றாவது வழிதான் இன்று குறுகிக்கொண்டே வருகிறது. குலச்சண்டை முன்பும் உண்டு, வில்லும் அம்புமாக. கடந்த முப்பது ஆண்டுகளில் துப்பாக்கி நுழைந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் எங்காவின் வாபெனமண்டா பகுதியில் ஒரே மோதலில் ஏராளமானோர் செத்தார்கள். யாருடைய நிலம் வழியாக நடப்பது, எந்தப் பக்கத்து உறவு இப்போது எதிரி என்று யோசிக்கவேண்டிய நிலையில், பனி விழுந்தால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? சாலையை நாளைக்குப் போட்டுவிடலாம். அந்த அடைக்கலத்தை எந்த ஒப்பந்தக்காரரும் கட்டித் தர முடியாது.

மறுபடி மழை பிடித்த பிறகு அவர்கள் ஊர் திரும்பியதை ஒரு காலையில் பார்த்தேன். பையனின் அம்மா நெற்றியில் மாட்டிய பிலும் பை முதுகில் தொங்கியது. நூலில் பின்னிய அந்தப் பையில்தான் அங்கே குழந்தையும் கிழங்கும் போகும். அன்று அதில் துணியோ பாத்திரமோ இல்லை. தன் தம்பியின் தோட்டத்திலிருந்து வெட்டிய கிழங்குக் கொடிகள், ஈர இலையில் சுற்றி, கட்டுக் கட்டாக. மேலே ஒரு கொடிகூடத் தப்பியிருக்காது என்று அவருக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் மலை ஏற வேண்டும் என்று என்னிடம் நின்று பேசக்கூட இல்லை.