வெங்காயத்துக்கு யன்னல் சீற்: பலாலிக்காக ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், பாயில் இருக்கிற அம்மாமாருக்கும், மதிலோரம் நிற்கிற தம்பிமாருக்கும் வணக்கம். தந்திருக்கிற நேரம் கொஞ்சம், நேரே விசயத்துக்கு வாறன்.

‘யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தை விரிவாக்கினால் வடக்கின் கிராமங்கள் நிமிருமா, நிமிராதா?’ நிமிரும் என்பது எங்கள் அணி.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், நல்ல குரல்வளமுள்ள தம்பி, ஒரே கேள்வியில் இந்த முற்றத்தையே சிரிக்க வைத்துவிட்டுப் போய் இருந்துவிட்டார். “விமான நிலையம் எண்டுறியள், கமக்காரன் எண்டுறியள்… அப்ப சின்ன வெங்காயத்துக்கு யன்னல் சீற் போடப் போறியளோ?” கைதட்டல் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் நான் வேறொன்றும் பேசப்போவதில்லை.

தம்பி, வெங்காயம் பறக்கத் தேவையில்லை. இரண்டரை மாதத்தில் கிண்டி, தாளோடு உலர்த்தி, பிடி கட்டிக் கொட்டிலுக்குள் தொங்கவிட்டால் அது மாதக்கணக்கில் பொறுத்திருக்கும். பாரம் கூட, கிலோவுக்கு விலை குறைவு. லொறியில் ஏறித் தம்புள்ளைக்குப் போகட்டும். ஒரு பண்டம் பறக்கவேணுமா இல்லையா என்று தீர்மானிக்க இரண்டு கேள்வி காணும். கிலோ என்ன விலை? எத்தனை மணித்தியாலம் தாங்கும்? விலை கூடி, தாங்கும் நேரம் குறைந்த பண்டம்தான் விமானத்துக்குரியது. தம்பி தோட்டத்தைப் பார்த்தார், கடலைப் பார்க்கவில்லை. நான் நண்டைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன்.

எங்கள் கடல்நீரேரியில் கண்டல் வேருக்குள் கிடக்கிறதே, சேற்று நண்டு. சிங்கப்பூர் உணவகங்களில் இலங்கை நண்டு என்று பேர் சொல்லியே விற்கிறார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் அந்த விலை. செத்த நண்டின் சதை சில மணித்தியாலத்திலேயே இளகிப்போகும், வாங்க வந்தவர் கையாலும் தொடமாட்டார்.

அந்த நண்டை இன்றைக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அனுப்புவம், வாருங்கோ. விடியப்புறம் கூடு தூக்குகிறார்கள். பெரிய கால் இரண்டையும் மடக்கிக் கயிற்றால் கட்டுகிறார்கள். கட்டாவிட்டால் பெட்டிக்குள் ஒன்றையொன்று பிய்த்துவிடும், கால் போன நண்டுக்கு விலையும் போய்விடும். வாடிக்கு, அதுதான் கரையில் பிடித்ததை வாங்குகிற கொட்டிலுக்கு, வந்ததும் நண்டின் ஓட்டை அமத்திப் பார்ப்பார்கள். ஓடு கழற்றிப் புது ஓடு இறுகாத நண்டு பயணம் தாங்காது, அதை ஒதுக்கிவிடுவார்கள். மிச்சத்தை ஈரச்சாக்கு விரித்த ரெஜிபோம் பெட்டியில், காற்றுத் துளை விட்டு அடுக்குவார்கள். ஐஸ் நேரே பட்டால் நண்டு விறைத்துச் சாகும். ஐஸே இல்லாவிட்டால் வெக்கையில் சாகும். அதனால் போத்தலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி மூலையில் வைப்பார்கள். 16 முதல் 20 பாகைக்குள் இருந்தால் அதற்குச் சுகம்.

பின்னேரம் லொறி வெளிக்கிடும். ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி… ஏறத்தாழ 400 கிலோமீற்றர், லொறிக்கு ஒன்பது பத்து மணித்தியாலம். நண்டு பூவால், அதாவது செவுளால், மூச்சு விடுகிற சீவன். பூ ஈரமாக இருக்கும் வரைதான் கரையில் அதற்கு உயிர். படங்கு கிழிந்து காற்று அடித்தால் பூ காயும். வெக்கை ஏறினால் மூச்சு வேகமாகும், ஈரம் இன்னும் கெதியாய்க் குறையும். வவுனியாவில் சாரதி தேத்தண்ணிக்கு நிற்பாட்டினால் நண்டும் நிற்கும். அனுராதபுரத்துக்கு அங்காலே டயர் வெடித்தால், யக் வைத்து, சில்லுக் கழற்றி, சில்லுப் பூட்டும் வரைக்கும் நண்டு பெட்டிக்குள் கிடக்கும். போய்ச் சேர்ந்த பிறகும் பொதிப் பிரிவில் நிறை பார்த்து, பத்திரம் காட்டி, இயந்திரத்துக்குள்ளால் விட்டு, விமானம் எழும்ப இன்னும் நாலைந்து மணித்தியாலம். பெட்டியைத் திறந்து செத்ததை எண்ணுகிறபோது அந்த நட்டம் யாருடையது? வெளிநாட்டுக் கொள்வனவுக்காரர் உயிருள்ளதற்குத்தான் காசு தருவார். ஏற்றுமதிக்காரர் வாடிக்குக் குறைத்துக் குடுப்பார், வாடிக்காரர் தொழிலாளிக்குக் குறைத்துக் குடுப்பார். நாவாந்துறையிலும் பாசையூரிலும் தண்ணிக்குள் இறங்கின மனிசனின் மடியில்தான் அந்தச் செத்த நண்டு கடைசியாக வந்து விழும்.

இனி அதே நண்டு, அதே வாடி, அதே பெட்டி. இந்தமுறை பலாலிக்கு அனுப்புவம். இருபது கிலோமீற்றர் அளவு பாதை. படங்கு கிழியவில்லை, தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. நண்டு துடிப்போடு போய் இறங்குகிறது. விமானமும் நிற்கிறது. ஏற்றலாமோ?

ஏற்ற ஏலாது! ஏனென்று கணக்குச் சொல்கிறேன், எதிரணி குறித்துக்கொள்ளட்டும்.

சென்னையிலிருந்து பலாலிக்கு வந்து போகிற ஏ.ரி.ஆர். 72 வகைச் சின்ன விமானம் சுமக்கிற உச்சப் பாரம் சுமார் 7,500 கிலோ. 78 இருக்கை. ஒரு பயணிக்கு, பெட்டியும் பையும் சேர்த்து 95 கிலோ வையுங்கோ. 78 தர 95, 7,410. மிச்சம் 90 கிலோ. முப்பது கிலோப் பெட்டி மூன்று! வெய்யில் ஏறினால் அதுவும் இல்லை. காற்றுச் சூடானால் ஐதாகும், செட்டைக்குத் தூக்குவிசை குறையும், எழும்ப ஓடவேண்டிய தூரம் நீளும். நிறை பாரத்தோடு, கடல்மட்டத்தில், 15 பாகையில் இந்த விமானத்துக்கு 1,300 மீற்றருக்கு மேல் ஓடுபாதை வேணும். பலாலியில் 15 பாகை எந்த மாதத்தில் ஐயா? 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தபோது சீர்செய்திருந்த ஓடுபாதை 1,400 மீற்றர் அளவுதான். உச்சி வெய்யிலில் பாரம் குறைக்கவேண்டி வந்தால் முதலில் இறக்குவது ஆளையா, நண்டையா?

பழைய ஓடுபாதையின் முழு நீளமான 2,300 மீற்றர் அளவுக்கு அதைக் கொண்டுவந்தால் ஏ320 வகைப் பெரிய விமானம் வரலாம். அதற்கு நிறை பாரத்தில் 2,100 மீற்றர் அளவு தேவை. 180 பேருக்கு 17,100 கிலோ போக, வயிற்றுப் பகுதியில் ஏறத்தாழ இரண்டு தொன்னுக்கு இடம் கிடைக்கும். சென்னையில் மாற்றி ஏற்றத் தேவையில்லாமல் நேரே சிங்கப்பூருக்குப் பறக்கும் தூரமும் அதற்கு உண்டு. தம்பி, எங்கட நண்டு யன்னல் சீற் கேட்கவில்லை. விமானத்தின் வயிற்றில் இரண்டு தொன் இடம் கேட்குது!

விரிவாக்கம் என்றால் தார் ஊற்றுவது மட்டும் என்று நினைக்கவேண்டாம். அகலம் 30 மீற்றர் காணாது, 45 வேணும். ஓடுபாதை முடிந்த இடத்திலிருந்து 60 மீற்றர் வெறுந்தரை, அதற்கு அங்காலே பாதுகாப்புப் பகுதி குறைந்தது 90, நல்லதென்று சொல்லப்படுவது 240 மீற்றர். தீயணைப்பு ஐந்தாம் தரத்திலிருந்து ஆறாம் தரத்துக்கு உயரவேணும்: ஒரு வண்டி இரண்டாகும், நுரைக்குரிய தண்ணி 5,400 லீற்றர் 7,900 ஆகும். எங்கட பக்கமே மறக்கிற ஒன்று இருக்கிறது. குளிர்அறையும், சான்றிதழ் கொடுக்கிற மீன்பிடி, தாவரத் தொற்றுத்தடை அலுவலர்களும் அதே வளவுக்குள் இருக்கவேணும். நீளமான ஓடுபாதை போட்டு, கையெழுத்துக்குக் கொழும்புக்குப் போகச் சொன்னால் நண்டு பலாலியில் வைத்தே சாகும். என்னைக் கேட்டால் தாருக்கு முதல் குளிர்அறையும் அதற்கொரு மின்பிறப்பாக்கியும் வரவேணும். அது வந்தால் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் முருங்கைக்காயும் தாமே பின்னால் வரும்.

கப்பல் இருக்கிறதே என்றார் எதிரணித் தலைவர். இருக்கட்டும், வேணும். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கின படகுச் சேவை, சில நாளிலேயே காலநிலையால் நின்று, அடுத்த வருசம் ஓகஸ்ட்டில்தான் திரும்ப வந்தது. வாடைக்காற்று எழும்பினால் படகு கரையில். பலாலி ஓடுபாதை கிடக்கிற திசையைப் பாருங்கோ, வடகிழக்கு தென்மேற்கு. வாடைக்கும் தென்மேற்குச் சோளகத்துக்கும் முகம் கொடுத்து, காற்றை எதிர்த்து எழும்பத் தோதாகக் கிடக்கிறது.

இது புதுக் கனவும் இல்லை. 1947 டிசம்பர் 10, ஏர் சிலோனின் முதல் பயணம். டக்கோட்டா விமானம் ரத்மலானையில் எழும்பி, காங்கேசன்துறை என்று அப்போது பேர் சொன்ன இந்த நிலத்தில் இறங்கி, பிறகுதான் சென்னைக்குப் போனது. எங்கட பாட்டன்மாருக்கு இருந்ததைத்தான் கேட்கிறம்.

காணிப் பிரச்சினையைச் சொன்னார்கள். அதில் எனக்கு எதிர்வாதம் இல்லை, கோபம்தான் இருக்கிறது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட சனம், காணி உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு முப்பது வருசத்துக்கு மேலாகக் காத்திருக்கிறது. விரிவாக்கத்தின் பேரில் அந்தச் சனத்தின் இன்னொரு பரப்புக் காணியும் போகக்கூடாது. விமானத்துக்குத் தேவையான மீற்றரை அளந்து வரைபடத்தில் போடுங்கோ. அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ளதை உறுதிக்காரரிடம் கொடுங்கோ. கோட்டுக்கு உள்ளே போனவருக்கு நியாயமான விலையும், அங்கே வருகிற வேலையில் அவர் பிள்ளைக்கு முதல் இடமும் கொடுங்கோ. பலாலியும் மயிலிட்டியும் வசாவிளானும் தந்த மண்ணில் எழும்புகிற விமானம் அந்த ஊர்களுக்குச் சோறு போடவேணும்.

மணி அடித்துவிட்டது, தெரியும். ஒன்றை மட்டும் சொல்ல விடுங்கோ ஐயா.

எங்கட ஊரில் ஒரு தாய் கண்ணை மூடினால் முதல் போகிற தொலைபேசி அழைப்பு எங்கே போகும்? ரொறன்ரோவுக்கு. லண்டனுக்கு. கொள்ளி வைக்கவேண்டிய மகன் கையில் கிடைத்த ரிக்கெற்றை எடுத்துக்கொண்டு ஓடிவருவான். ஒரு நாள் முழுக்கப் பறந்து, நாட்டுக்குள் வந்து இறங்கின பிறகு, வான் வண்டியில் ஏறி எட்டு மணித்தியாலம். இங்கே முற்றத்தில் பந்தல் போட்டு, பிரேதத்தை வைத்துக்கொண்டு, “எங்கை வாறான்?” “வவுனியா தாண்டியிட்டானாம்.” “இப்ப எங்கை?” “ஆனையிறவாம்.” பறை அடிக்கிறவரும் காத்திருக்கிறார், ஐயரும் காத்திருக்கிறார். வாசலில் வந்து இறங்குகிற பிள்ளைக்குத் தாயின் முகத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் மிஞ்சும்? அந்த எட்டு மணித்தியாலத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் விலை போட்டிருக்கிறார்கள்? பலாலியில் பெரிய விமானம் இறங்கினால் அவன் அரை மணித்தியாலத்தில் தாயின் காலடியில்! முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்துவிட்டு, அங்கிருந்தே கொஞ்சத் தூரத்தில் விமானம் ஏறுவான்.

நடுவர் ஐயா, நண்டுக் கணக்கு நான் சொன்னது பிழையென்றால் எதிரணி திருத்தட்டும். தீர்ப்பு எழுத முதல் இந்தப் பாயில் இருக்கிற அம்மாமாரைப் பார்த்து, பிள்ளை வெளியில் இருக்கிறவர்கள் கையை உயர்த்துங்கோ என்று ஒருக்கால் கேளுங்கோ. அதற்குப் பிறகு எழுதுங்கோ. வணக்கம்.