ஹோம் லோன் ஏஜென்ட் கிட்ட ஃபைல் குடுக்கறதுக்கு முன்னாடி

வணக்கங்க. ஹோம் லோனுக்கு நேரா பேங்க்குக்குப் போறதா, ஏஜென்ட் வழியா போறதான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பேங்க்ல டிஎஸ்ஏ, அதாவது டைரக்ட் செல்லிங் ஏஜென்ட்னு சொல்வாங்கல்ல, அவங்களைப் பத்திதான் இன்னிக்கு.

நல்ல ஏஜென்ட் கிடைச்சா தாராளமா போங்க. குறிப்பா பத்திரத்துல சிக்கல் இருக்கற இடம்னா. பவர் பத்திரம் வெச்சு ரெண்டு மூணு கை மாறின மனை, பட்டா இன்னும் பழைய ஓனர் பேர்லயே இருக்கற வீடு, இதையெல்லாம் எந்த பேங்க் லீகல் ஒத்துக்கும், எது திருப்பி அனுப்பும்னு அவருக்குத் தெரியும். சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு எந்த பேங்க் வருமானத்தை எப்படிக் கணக்குப் போடும்னும் தெரியும். நம்ம அலைச்சல் உண்மையிலேயே குறையும்.

ஆனா அவருக்குக் கமிஷன் குடுக்கறது பேங்க். லோன் பணம் வெளிய வந்த பிறகுதான் அவருக்குக் காசு. அதனால உங்ககிட்ட 'மேனேஜரைப் பாக்கணும்'னு கையில கேஷ் கேட்டா, அங்கேயே எழுந்து வந்துடுங்க. ஒவ்வொரு பேங்க்கும் குடுக்கற கமிஷன் வேற வேற. அவர் ஒரே பேங்க்கைத் திரும்பத் திரும்பச் சொன்னா, 'ஏன் சார் இந்த பேங்க்?'னு கேளுங்க. 40 லட்சம், 20 வருஷம்னு வெச்சுக்குவோம். எட்டு பர்சன்ட்ல மாசத் தவணை சுமார் 33,460 ரூபாய். எட்டரைன்னா 34,710. வட்டி இப்படியே நின்னாலே மொத்தத்துல 3 லட்சம் வித்தியாசம். அரை பர்சன்ட்தானேன்னு தயவுசெஞ்சு விடாதீங்க.

என் தங்கச்சி விஷயத்துல நடந்ததைச் சொல்றேன். அவளைக் கேக்காமலே ஏஜென்ட் ஃபைலை நாலஞ்சு பேங்க்ல லாகின் பண்ணிட்டாரு, அதாவது லோன் அப்ளிகேஷனாப் பதிவு பண்ணிட்டாரு. ஒவ்வொரு லாகினுக்கும் சிபில்ல, அதாவது நம்ம கடன் வரலாறு இருக்கற ரெக்கார்டுல, ஒரு என்கொயரி விழும். ஸ்கோர் குறையறது ஒரு பக்கம். அடுத்து பாக்கற பேங்க், இவ்ளோ இடத்துல கேட்டும் ஏன் கிடைக்கலன்னு யோசிக்கும். பாவம், அவ மேல ஒரு தப்பும் இல்ல. அதனால முதல் நாளே வாட்ஸ்அப்ல எழுதிடுங்க: 'என்னைக் கேக்காம எந்த பேங்க்லயும் லாகின் பண்ணக் கூடாது.' வாயால சொன்னா போதாதுங்க, எழுத்துல இருக்கணும்.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கறது. கேஎஃப்எஸ், அதாவது கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட். லோனோட முக்கிய விவரமெல்லாம் ஒரே இடத்துல இருக்கற தாள். 2024 அக்டோபர் 1-லருந்து புதுசா குடுக்கற லோனுக்கு பேங்க் இதைக் குடுத்தே ஆகணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. வட்டி, ப்ராசஸிங் ஃபீஸ், லீகல் சார்ஜ், லோனோட சேத்து எடுக்கற இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கூட்டி வருஷத்துக்கு மொத்தம் எத்தனை பர்சன்ட் ஆகுதுன்னு அதுல இருக்கும். அதுல போடாத கட்டணத்தை உங்க சம்மதம் இல்லாம அப்புறம் வாங்க முடியாது. உங்களுக்குப் புரியற மொழியில குடுக்கணும்னும் விதி இருக்கு, தமிழ்லயே கேளுங்க. படிச்சுப் பாக்க குறைஞ்சது மூணு வேலை நாள் டைம் உண்டு. 'இன்னிக்கே சைன் பண்ணாதான் இந்த ரேட்'னு ஏஜென்ட் அவசரப்படுத்தினா, அந்த மூணு நாளைச் சொல்லுங்க.

'ஹண்ட்ரட் பர்சன்ட் லோன் வாங்கித் தரேன்'னு சொல்றவரை நம்பாதீங்க. 30-லருந்து 75 லட்சம் வரைக்குமான லோன்னா வீட்டு மதிப்புல 80 பர்சன்ட்தான் உச்சம். மீதிக்கு பர்சனல் லோனைக் கோத்து விடுவாங்க, அதுக்கு வட்டி எங்கயோ நிக்கும்.

கடைசியா ஒண்ணு. ஜெராக்ஸ் எவ்ளோ வேணாலும் ஏஜென்ட் கிட்ட குடுங்க. ஒரிஜினல் பத்திரம், மூலப்பத்திரம் ரெண்டையும் நீங்களே பேங்க்குக்கு எடுத்துட்டுப் போய், என்னென்ன குடுத்தீங்கன்னு சீல் போட்ட லிஸ்ட் வாங்கிக்கோங்க. லோனை முழுசா அடைச்ச 30 நாளுக்குள்ள பேங்க் அதெல்லாம் திருப்பித் தரணும். அவங்க தப்பால லேட் ஆனா நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். அப்ப அந்த லிஸ்ட்தான் உங்க கையில இருக்கற ஆதாரம்.